காப்பியில் மெஷின் எண்ணெய்

தையல்காரருக்குக் காப்பி போடத் தெரியாது. கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில் அவர் அடுப்பைப் பற்றவைத்தது விரல்விட்டு எண்ணும் அளவுதான். அதிலும் பாதி, நைலான் கயிற்றின் முனையைக் கருக்குவதற்காக. அப்படிப்பட்டவர் நாலு மாதமாகத் தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குச் சமையலறைக்குள் போய், மனைவியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, கோல்ட் ப்ரூ என்று ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருந்தார். இதற்குப் பின்னால் ஏதோ இருக்கிறது என்று யாருக்கும் தோன்றும். மனைவிக்கு மட்டும் தோன்றவில்லை என்று அவர் நம்பினார். ஆண்கள் இப்படிச் சில விஷயங்களை நம்பிக்கொண்டு நிம்மதியாகத் தூங்குவார்கள். இவருக்கு அந்தத் தூக்கமும் சரியாக வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கால்சட்டையின் நீளத்தைக் குறைக்க வந்த ஒரு வாடிக்கையாளர்தான் அவருக்கு இந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தது. "அடுப்பே வேண்டாம் சார். பச்சைத் தண்ணியில ஊறப் போடுங்க, மறுநாள் எடுத்து வடிகட்டுங்க, முடிஞ்சுது" என்றார் அவர். கொட்டையைக் கொரகொரப்பாக உடைத்த மாதிரி அரைக்க வேண்டும். மாவாக அரைத்தால் கசடு இறங்கி வாயெல்லாம் மண். ஒரு பங்கு தூளுக்கு எட்டுப் பங்கு தண்ணீர். தூளைத் துணிப்பையில் போட்டுக் கட்டி, கண்ணாடி ஜாடித் தண்ணீரில் முக்கி, மூடி, ஃப்ரிட்ஜில் வைத்தால் பன்னிரண்டு மணி நேரத்துக்கு அதை மறந்துவிடலாம். காலையில் பையைத் தூக்கித் தானாக வடிய விட வேண்டும், பிழியக் கூடாது. கறுப்பாக, கெட்டியாக ஒரு சாறு கிடைக்கும். அதில் பாதிக்குப் பாதி தண்ணீரோ பாலோ கலந்து குடிக்க வேண்டியதுதான்.

தையல்காரர் எதையும் அளக்காமல் விடுகிறவர் அல்ல. ஜாடியின் வெளிப்பக்கம் நாடாவைப் பிடித்து, துணியில் கோடு போடும் சாக்பீஸால் தூளுக்கு ஒரு கோடு, தண்ணீருக்கு ஒரு கோடு போட்டார். ஜாடியைக் கழுவும்போது கோடு அழிந்துவிடும். மறுநாள் மறுபடி அளந்து போடுவார். "ஜாடிக்கு என்ன, சட்டை தைக்கப் போறீங்களா?" என்று மனைவி வெளியிலிருந்து கேட்பாள். மாடி வீட்டுக்காரர் ஒரு நாள் படியில் நின்று, "என்ன, வீட்லயே ஊறல் போடறீங்களாமே" என்று கண்ணடித்தார். வடிகட்டும் பை மட்டும் கடையில் வாங்கியதல்ல. நல்ல கெட்டிப் பருத்தித் துணியில் அவரே தைத்தது. துணி கறை ஏறிக் கறுத்துவிடும் என்பதால் ஒவ்வொரு சனிக்கிழமையும் புதுப் பை. இதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

இவ்வளவு கூத்தும் மனைவியின் மூக்குக்காக.

அவள் காப்பிக்கொட்டை வறுத்து அரைத்து விற்கும் கடையில் பதினான்கு வருஷம் வறுக்கும் இடத்தில் நின்றவள். இரும்பு உருளை சுற்றிக்கொண்டிருக்கும். பச்சை நாற்றம் போய், வைக்கோல் வாசம் வந்து, அது ரொட்டி வாசமாக மாறும். அப்புறம் ஒரு நொடி வரும். அந்த நொடியில் அவள் "இறக்கு" என்பாள். ஒரு மூச்சு தவறினாலும் கொட்டை கருகிவிடும். முதலாளி அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. காலையில் வந்ததும் "மூக்கு வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் நெருப்பையே மூட்டச் சொல்வார்.

போன வருஷம் ஒரு காய்ச்சல் வந்து அந்த மூக்கைக் கொண்டு போய்விட்டது. ஆள் பத்து நாளில் எழுந்துவிட்டாள், வாசனை எழவில்லை. டாக்டர்கள் வரும் என்றார்கள், வராமலும் போகலாம் என்றார்கள். முதலாளி நல்லவர்தான். வேலையை விட்டு அனுப்பவில்லை. உருளைக்குப் பக்கத்தில் வெப்பமானியும் கடிகாரமும் மாட்டினார். அவளைப் பொட்டலம் கட்டும் மேஜையில் உட்காரவைத்தார். அதற்குப் பிறகு கடையில் யாரும் அவளை மூக்கு என்று கூப்பிடவில்லை.

வீட்டில் சூடான காப்பியை அவள் பாதியில் வைத்துவிடுவாள். "வெந்நீர் குடிக்கற மாதிரி இருக்கு" என்பாள். ஊறவைத்த காப்பியை முதல் நாள் கொடுத்தபோதுதான் நாக்கில் உருட்டிப் பார்த்து, "இதுல என்னமோ இருக்கு. இனிப்பா, கெட்டியா. நாக்குக்காவது தெரியுது" என்றாள். அன்றிலிருந்து தையல்காரர் ஒரு நாள்கூட விட்டதில்லை. அக்கம்பக்கத்தில் அவரை உதாரணமாகக் காட்டி மற்ற புருஷன்மார்களுக்குத் திட்டு விழுந்தது. அந்தப் பாராட்டைக் கேட்கும்போதெல்லாம் அவருக்கு உள்ளே குறுகுறுக்கும். ஏனென்றால் அந்தக் காய்ச்சலை வீட்டுக்குக் கொண்டு வந்தது அவர்தான். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

பள்ளிக்கூடம் திறக்கும் சமயம் அது. நூற்று நாற்பது சீருடைகள், திங்கட்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். தலைக்கு மேல் வேலை. வியாழக்கிழமை மத்தியானம் தொண்டை வலித்தது, சாயங்காலம் உடம்பு கொதித்தது. அந்த நாட்களில் ஊரெல்லாம் காய்ச்சல். காய்ச்சல் என்றால் தனியாகப் படு என்று எல்லாருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். மாத்திரையைப் போட்டுக்கொண்டு தைத்தார். வீட்டில் மூச்சு விடவில்லை.

அவளுக்கு ஒரு பழக்கம். அவருக்குக் காப்பி கொடுக்கும் முன்னால் அவர் கப்பிலிருந்தே ஒரு வாய் குடித்துப் பார்த்துத்தான் கொடுப்பாள். வெள்ளிக்கிழமை காலையில் கொஞ்சம் மாறிப் போனது. அவர் குடித்துக்கொண்டிருந்த கப்பை வாங்கி, "இன்னிக்குக் கொட்டை புதுசு, எப்படி இருக்கு பார்ப்போம்" என்று ஒரு வாய் குடித்தாள். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரை வந்தது. சொன்னால் காரணம் கேட்பாள், காரணம் தெரிந்தால் கதவைச் சாத்திப் படுக்கவைப்பாள், ஆர்டர் போய்விடும். இதையெல்லாம் அவர் அந்த ஒரு நொடியில் கணக்குப் போட்டார். கணக்குப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். கப்பின் விளிம்பில் அவள் உதடு பட்டது இன்றைக்கும் அவர் கண்ணில் நிற்கிறது.

செவ்வாய்க்கிழமை அவள் படுத்தாள். சீருடைகள் திங்கட்கிழமையே போய்ச் சேர்ந்துவிட்டன.

இதோடு நின்றிருந்தால் ஏதாவது சப்பைக்கட்டு கட்டியாவது காலத்தை ஓட்டியிருப்பார். நிற்கவில்லை. காய்ச்சலில் படுத்திருந்தவள், "அக்காதான் போன வாரம் பூரா இருமிக்கிட்டே இருந்தாங்க. அவங்ககிட்டேர்ந்துதான் வந்திருக்கும். இல்லங்க?" என்று கேட்டாள். அக்கா என்றால் பொட்டலக்கா. கடையில் பொட்டலம் கட்டுகிறவள், இவளைவிட மூத்தவள், பதினோரு வருஷம் இவளோடு ஒரே மேஜையில் சாப்பிட்டவள். கொட்டையின் தோல் தூசியால் அவளுக்கு வருஷம் முழுவதும் இருமல் உண்டு என்பது தையல்காரருக்கே தெரியும்.

"இருக்கும்" என்றார் தையல்காரர்.

ஒரு வார்த்தைதான். அந்த ஒரு வார்த்தை அதன் வேலையைச் செய்தது. பொட்டலக்கா ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தபோது, "அவ தூங்கறா" என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினவரும் இவர்தான். மனைவி வேலைக்குத் திரும்பியதும் முதலாளியிடம் போய், இருமலோடு வேலைக்கு வந்தவளால்தான் என் மூக்கு போனது என்று நேராகவே சொல்லிவிட்டாள். முதலாளி பொட்டலக்காவை ஒரு பார்வை பார்த்தார். ஒரே வாரத்தில் அவள் தானாகவே நின்றுவிட்டாள். இப்போது இரண்டு தெரு தள்ளி, அட்டைப்பெட்டி மடிக்கும் பட்டறையில் வேலை. தையல்காரர் கடைக்குப் போகும் நேர்வழி அந்தத் தெரு. ஒரு வருஷமாக அவர் சுற்றுவழியில் போய்வருகிறார்.

அவர் போகாவிட்டால் என்ன? ஒரு சனிக்கிழமை மத்தியானம் பொட்டலக்காவே தையல்கடைக்கு வந்து நின்றாள். கையில் வேலைக்குப் போட்டுக்கொள்ளும் ஏப்ரன். வாயையும் மூக்கையும் மறைத்து ஒரு துணி. படி ஏறாமல் வெளியிலேயே நின்றாள்.

"தம்பி, இதுல பை பிய்ஞ்சு போச்சு. தச்சுக் குடுப்பீங்களா?"

"உள்ள வாங்கக்கா."

"வேண்டாம் தம்பி, இங்கயே இருக்கேன்." ஏப்ரனை நீட்டினாள். அப்புறமும் போகவில்லை. "அவளுக்கு மூக்கு வந்துச்சா?"

"இன்னும் இல்லக்கா."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். "நான் அப்ப டெஸ்ட் எடுக்கல தம்பி. எனக்குக் காய்ச்சலே வரல, எதுக்கு எடுக்கணும்னு விட்டுட்டேன். அப்புறம் சொல்றாங்க, காய்ச்சல் வராமலேயே சிலருக்கு உள்ள இருக்குமாம், மத்தவங்களுக்குக் குடுத்துடுவாங்களாம். மொதல்ல அவ மேல எனக்குக் கோவம்தான் வந்துச்சு. இப்ப இல்ல. நான்தான் குடுத்திருக்கேன். கூட உக்காந்து சாப்பிட்டவ மூக்கையே எடுத்துட்டேன்."

தையல்காரர் ஏப்ரனை ஒரு தடவை மடித்தார். "அப்படியெல்லாம் இல்லக்கா" என்று மென்று முழுங்கினார்.

"நீங்க நல்லவரு, சொல்லுவீங்க. என் பொண்ணுக்குக் கொழந்த பொறந்து பத்து மாசம் ஆச்சு தம்பி. என்னோடதான் இருக்கு. இன்னும் ஒரு தடவ கூடத் தூக்கல. என் மூச்சு ஆகாதுன்னு ஒரு பயம். பொண்ணு திட்டறா. என்ன பண்ண, கை வரமாட்டேங்குது."

சொல்லியிருக்க வேண்டிய இடம் இதுதான். ஒரு மனுஷனுக்கு இதைவிடத் தெளிவாக வாய்ப்பு வராது. தையல்காரர் என்ன செய்தார் தெரியுமா? மனைவிக்கு எடுத்ததுபோக மிச்சத்தைத் தினமும் ஒரு பாட்டிலில் கடைக்குக் கொண்டுவருவார். அதை எடுத்து, "கொஞ்சம் காப்பி குடிங்கக்கா, ஜில்லுனு இருக்கும்" என்றார். கோழைகள் இப்படித்தான், தொண்டையில் சிக்கியதைச் சொல்லாமல் எதிரில் இருப்பவர் தொண்டைக்கு ஏதாவது ஊற்றிவிடுவார்கள்.

பொட்டலக்கா பாட்டில் மூடியில் கொஞ்சம் ஊற்றி, திரும்பி நின்று துணியை விலக்கி, பழக்கத்தில் முதலில் முகர்ந்தாள். ஒரு வாய் குடித்தாள். நெற்றி சுருங்கியது.

"தம்பி, இதுல மெஷின் எண்ணெய் வாசம் அடிக்குதே."

"எண்ணெயா?"

"ஆமா. தையல் மெஷினுக்கு விடுவீங்களே, அதேதான். எனக்கு அவ மூக்கு கிடையாது. ஆனா காப்பியில எது இருக்கக் கூடாதுன்னு தெரியும்."

அவள் போன பிறகு தையல்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து பாட்டிலை முகர்ந்து பார்த்தார். காப்பி வாசம்தான் வந்தது. கையை முகர்ந்தார், சட்டையை முகர்ந்தார். ஒன்றும் தெரியவில்லை. முப்பது வருஷம் அந்த எண்ணெயிலேயே ஊறிய ஆளுக்கு அது எப்படித் தெரியும்?

அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. சனிக்கிழமை காலையில் மெஷினுக்கு எண்ணெய் விடுவார். எண்ணெய் விட்டதும் வாடிக்கையாளர் துணியை வைத்தால் கறை பிடிக்கும். அதனால் முதலில் ஒரு கழிவுத் துணியை ஓட்டி, வழியும் எண்ணெயை அதில் இறக்கிவிடுவது தொழில் வழக்கம். கழிவுத் துணியை வீணாக ஓட்டுவானேன் என்று, நாலு மாதமாக அந்த நேரத்தில் அவர் ஓட்டியது காப்பிப் பை. தைத்த பையை வெந்நீரில் அலசினார்தான். தையலுக்குள் இறங்கிய எண்ணெய் அலசினால் போகுமா? ஊரார் துணியில் ஒரு சொட்டுப் படாமல் காப்பாற்றி, அத்தனையையும் மனைவிக்குக் குடிக்கக் கொடுத்திருக்கிறார். அன்றைக்குச் சீருடை முக்கியம், இன்றைக்கு வாடிக்கையாளர் துணி முக்கியம். இரண்டு தடவையும் கடைசியில் அவள் வாயில்தான் போய் முடிந்தது. அவருக்குத் தன்னைப் பார்த்தே வெறுப்பாக இருந்தது.

ஏழு மணிக்கு முன்பே கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனார். மனைவி கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பெரிய தப்பைச் சொல்லத் துணிச்சல் வராமல், சின்னதிலிருந்து ஆரம்பித்தார்.

"இன்னிக்கு ஊற வைக்கப் போறதில்ல. இத்தன நாளா நீ குடிச்சதுல மெஷின் எண்ணெய் கலந்திருக்கு. பையிலேர்ந்து இறங்கியிருக்கு. எனக்குத் தெரியாமப் போச்சு."

"தெரியும்" என்றாள் அவள்.

"எப்படித் தெரியும்?"

"வாசம் அடிக்குதே. மூணு வாரமா."

ஒரு நிமிஷம் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "மூக்கு வந்துடுச்சா?"

"பாதி வந்திருக்கு. மொதல்ல வந்ததே உங்க எண்ணெய் நாத்தம்தான். அப்புறம் சோப்பு. நேத்து கடையில உருளைப் பக்கம் போனேன், ரொட்டி வாசம் தெரிஞ்சுது."

தையல்காரர் அழுதுவிட்டார். அவள் அவரைத் தேற்றவில்லை. மடித்த துணியை மறுபடி பிரித்து மடித்தாள்.

"ஏன் சொல்லல? நல்ல விஷயம்தானே. எதுக்கு அந்த எண்ணெயைக் குடிச்சுக்கிட்டு இருந்த?"

"அது இருக்கட்டும். எண்ணெய்னு உங்களுக்கு யார் சொன்னது? உங்க மூக்குக்குதான் அது தெரியவே தெரியாதே."

"அக்கா வந்தாங்க."

எந்த அக்கா என்று அவள் கேட்கவில்லை. மடிப்பதை நிறுத்தினாள். அதற்குமேல் பூசி மெழுக அவரிடம் ஒன்றும் மிச்சமில்லை. வியாழக்கிழமை, தொண்டை வலி, மாத்திரை, வெள்ளிக்கிழமை அவள் குடித்த ஒரு வாய், அவர் சொன்ன 'இருக்கும்', எல்லாவற்றையும் தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தார்.

"அதுவும் தெரியும்" என்றாள் மனைவி.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"சீருடை தச்ச வாரம் நீங்க போட்டிருந்த சட்டைப் பையில காய்ச்சல் மாத்திரை அட்டை இருந்துச்சு. பத்தும் காலி. படுக்கையிலேர்ந்து எழுந்த அன்னிக்குத் துவைக்க எடுத்தப்பவே பார்த்தேன்."

"அப்ப முதலாளிகிட்ட நீ போய் அக்காவச் சொன்னது..."

"அதுக்கு அப்புறம்தான்."

 அவள் குரல் உயரவில்லை. விலை சொல்கிறவள் மாதிரி நிதானமாகச் சொன்னாள். "யார் மேலயாவது கோவப்படணும் இல்லையா. மூக்கு போயிருக்கு, உருளைகிட்ட நின்ன வேலை போயிருக்கு. உங்க மேல கோவப்பட்டா, அதே வீட்ல அதே கட்டில்ல உங்களோடயே இருக்கணும். அக்கா மேலன்னா, ஆறு மணியானா அவங்க வீட்டுக்குப் போயிடுவாங்க."

தையல்காரர் மடிக்காமல் கிடந்த ஒரு துண்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். அவள் தொடர்ந்தாள்.

"மூக்கு போனவன்னு எல்லாரும் பாவம் பார்த்தாங்க. யாரும் எதுவும் கேக்கல. வந்துடுச்சுன்னு சொன்னா, அக்காகிட்டப் போய் நிக்கணும். நின்னா உண்மையச் சொல்லணும். அதுக்கு இந்த எண்ணெயே தேவலாம்னு குடிச்சேன்."

"அக்கா கொழந்தயத் தூக்கறதில்லையாம்" என்றார் அவர். "பேத்தி. பத்து மாசம். தன் மூச்சு ஆகாதுன்னு நம்பிக்கிட்டு இருக்காங்க."

மனைவி எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றாள். அங்கிருந்தே, "புதுத் துணி இருக்கா?" என்று கேட்டாள். "மெஷின் வேண்டாம். கையால தைங்க."

அவர் ஊசி நூல் எடுத்துக் கையால் ஒரு பை தைத்தார். அவள் அதைக் கொதிக்கவைத்து, முகர்ந்து பார்த்து, சரி என்றாள். இரண்டு பேரும் சேர்ந்து தூளைப் போட்டு ஊறவைத்தார்கள். காப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்துச் சரிக்கட்டக்கூடிய காரியமா இது? இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். வெறுங்கையோடு போகத் தைரியமில்லை, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், ஒரு வருஷத்துக்குப் பிறகு நேர்வழியில் நடந்தார்கள். காப்பி பாட்டில் தையல்காரர் கையில். பொட்டலக்காவின் வீடு பட்டறை இருந்த அதே தெருவில், இரண்டாம் மாடியில். கதவு திறந்தே இருந்தது. விரிப்பில் குழந்தை. நாலு முழம் தள்ளி, முகத்தில் துணி கட்டிக்கொண்டு நாற்காலியில் பொட்டலக்கா. குழந்தை சிரித்துக்கொண்டே அவளைப் பார்த்துத் தவழ்ந்து வந்தது. அவள் கால்களைத் தூக்கிக்கொண்டு, நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள்.

வாசலில் நின்ற இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

"அக்கா" என்றார் தையல்காரர். யோசித்து வைத்திருந்த பேச்செல்லாம் மறந்துவிட்டது. "காய்ச்சல் என்கிட்டேர்ந்துதான் வந்துச்சு. உங்ககிட்டேர்ந்து இல்ல. எனக்கு அப்பவே தெரியும்."

பொட்டலக்கா அவரைப் பார்த்தாள். அவரைத் தாண்டி மனைவியைப் பார்த்தாள். "உனக்கு?"

"தெரியும்க்கா. முதலாளிகிட்டச் சொல்றதுக்கு முன்னாடியே தெரியும்."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தார்கள். கதவைச் சாத்துவாள் என்று எதிர்பார்த்தார்கள். அவளோ முகத்துத் துணியின் முடிச்சை அவிழ்த்தாள். முடிச்சு இறுகியிருந்ததால் நேரமானது. துணியைத் தரையில் போட்டுவிட்டுக் குனிந்து குழந்தையைத் தூக்கினாள். தூக்கி, அதன் கழுத்தில் முகத்தைப் புதைத்து, மூச்சை நன்றாக உள்ளே இழுத்தாள்.

குழந்தை வீறிட்டு அழுதது. பத்து மாதம் ஒரே வீட்டில் இருந்தும் அந்தக் கைகளை அதற்குப் பழக்கமில்லை. உள்ளேயிருந்து மகள் ஓடி வந்து வாங்கப் பார்த்தாள். பொட்டலக்கா கொடுக்கவில்லை. அழ அழ அணைத்துக்கொண்டு, வாசலில் நிற்பவர்களை மறந்து, கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.